ஆறுக்கு ஒன்று

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ திரும்பத் திரும்ப ஃபோன் செய்திருந்தாய். பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வட்டி விகிதத்தை முடிவு செய்ய நாங்கள் ஏழு பேர் கூடுவதற்கு முன்னால் சில நாட்கள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எங்கள் மத்திய வங்கியில் அதற்கு வாய்ப்பூட்டு வாரம் என்று பெயர். பொருளாதாரத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர், வியாபாரி, சொந்தக்காரர் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மற்ற ஆறு பேரும் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளின் படிப்பு, கிரிக்கெட் என்று பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. காரணம் நீதான்.

சின்ன வயதில் சீட்டு விளையாடும்போது நான் தொண்டையைச் செருமினாலே என் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாய். போன வருடமும் அதேதான் நடந்தது. நான் இருமலைப் பற்றி மட்டும்தான் பேசினேன். நீ சிரித்துக்கொண்டே, "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு. வட்டி ஏறப்போகுதா?" என்றாய். அடுத்த நாளே உன் கடை முதலாளி வங்கிக்கு ஓடிப்போய்ப் பழைய வட்டியில் கடன் வாங்கிக்கொண்டார். வட்டியும் ஏறியது. நீ விளையாட்டாகத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேள்விப்பட்ட அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. இத்தனை வருட வேலைக்கு ஒரு இருமல் உலை வைத்திருக்கும்.

ஆகவே இனிமேல் கடிதம்தான். எழுதியதைத் திருப்பிப் படித்து அடிக்கலாம், குரலை அடிக்க முடியாது. இங்கே சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசுவது லிஃப்ட் மட்டும்தான். அதுவும் எந்த மாடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நீயாவது நிறைய எழுது.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

கடிதமா? தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று கடையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அக்கா எழுதியிருக்கிறாள் என்றதும் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். வாடகையில் வருவது ஒரு வருடத்துக்கு என்ன, இன்றைய விலைக்கு விற்றால் கையில் வருவது என்ன என்று கால்குலேட்டரில் போட்டே காட்டினார். அந்தக் கணக்கைப் பார்த்தால் அவர் இடத்தில் நானும் விற்றிருப்பேன். நானும் பாப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளாட் பார்க்க அலைகிறோம். ஒன்றில் கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் குழாய். "யோசிச்சு அடுத்த வாரம் வாங்க சார், ஆனா விலை இதே இருக்காது" என்று புரோக்கர் எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. அடுத்த வாரம் போனால் வீடே இருக்கமாட்டேன் என்கிறது.

எங்கள் கண்ணாடிக் கடைக்குக் கண் பார்க்க வருகிறவர்களும் இதே பேச்சுத்தான். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்து தெரிகிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஃப்ளாட் வாங்கிய கதையைச் சொன்னார். அவருக்கு மூன்றாவது வரியே தெரியவில்லை. மானம் போய்விடும் என்று குத்துமதிப்பாகப் படித்தார்.

எனக்கு இருக்கிற ஒரே அக்கா வட்டியை நிர்ணயிக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் புரோக்கர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வாங்கட்டுமா, வாடகைக்கே போகட்டுமா? அதைக் கேட்டால் நீ ஜெயிலுக்கா போய்விடுவாய்? பாப்பாவுக்கும் அத்தையோடு பேச வேண்டுமாம். அவள் அம்மா எங்களை விட்டுப் போனதிலிருந்து அவள் மனசு விட்டுப் பேசுவது உன்னிடம் மட்டும்தான். அதையும் பூட்டிவிட்டாய்.

தம்பி

*

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கு என்றும் சொல்லமாட்டேன், வாங்காதே என்றும் சொல்லமாட்டேன். நான் சொல்லாததை வைத்தும் ஒன்றும் முடிவு செய்யாதே. இதைக் கல்நெஞ்சோடு எழுதவில்லை. அப்படித் தோன்றினால் மன்னித்துவிடு.

அச்சில் வந்ததை மட்டும் சொல்லலாம். போன கூட்டத்தின் குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்கள் வேலை விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பது. அரிசி, பருப்பு, பஸ் கட்டணம், வாடகை எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. வீட்டின் விலையும் பங்கின் விலையும் கிடையாது. அவை எவ்வளவு ஏறினாலும் எங்கள் மானியில் முள் அசையாது. அதைப் பார்த்து வட்டியை மாற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். எந்த விலை சரி, எந்த விலை வீக்கம் என்று சொல்ல நாம் யார்? வீட்டு விலையை அடிக்க வட்டியை ஏற்றினால், வீடே வாங்காத சின்னக் கடைக்காரருக்கும் அந்த அடி விழும். சரிந்தால் அப்போது வட்டியைக் குறைத்துத் தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். இதுதான் அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். மட்டமான ஆட்கள் யாரும் அந்த மேஜையில் இல்லை.

இது போதும். வேறு பேசுவோம். போன வாரம் மஞ்சள் நிறத்தில் ஒரு குடை வாங்கினேன். என் வயதுக்கு மஞ்சளா என்று கடைக்காரப் பெண் கண்ணாலேயே கேட்டாள். இந்த வயதில் மழை மட்டும் வேறு நிறத்திலா பெய்கிறது என்று நானும் கண்ணாலேயே சொல்லிவிட்டு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். சாப்பாடும் இறங்குகிறது. பாப்பாவிடம் சொல், அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

வாங்கிவிட்டேன்.

திட்டாதே, முழுக்கப் படி. உன் கடிதத்தை நானும் பாப்பாவும் மாற்றி மாற்றிப் படித்தோம். நீ ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் எழுதியே தருகிறேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? ஊர் வாயில் விழுகிற மாதிரி ஒரு முடிவு எடுக்கப் போகிறவள் மஞ்சள் குடை வாங்கமாட்டாள். பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்த அக்காதானே நீ? தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது என்றால் அங்கே ஒன்றும் மாறப்போவதில்லை. வட்டி அப்படியே இருக்கும். எனக்கு அது போதும்.

ஏழாவது மாடி. வட்டி ஏறினால் தவணையும் ஏறுகிற கடன்தான் கொடுத்தார்கள். வேறு கடனுக்கு என் சம்பளம் போதாதாம். அதே கட்டிடத்தில் இரண்டு அறை வீடும் இருந்தது, அது என் கைக்கு எட்டுகிற விலை. நான் எடுத்தது மூன்று அறை. ஒன்று எனக்கு, ஒன்று பாப்பாவுக்கு, கிழக்குப் பார்த்தது உனக்கு. இரண்டு வருடத்தில் உன்னை ரிட்டயர் ஆக்கிவிடுவார்கள். அதற்கப்புறமும் லிஃப்டோடு பேசிக்கொண்டு இருப்பாயா? பாப்பா இப்போதே அந்த அறைக்கு அத்தை ரூம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

தவணை கொஞ்சம் கையைக் கடிக்கும். பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பி,

நீ பேப்பரில் பார்த்திருப்பாய். வட்டி மாறவில்லை. ஆறுக்கு ஒன்று. உயர்த்த வேண்டும் என்ற அந்த ஒன்று நான்.

உன் கடிதம் கூட்டம் முடிந்த மறுநாள் கையில் கிடைத்தது. கிழக்குப் பார்த்த அறை என்ற இடத்தில் நின்றுவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. நான் ஏன் தூங்கினேன் என்று இப்போது சொல்லலாம். இரண்டு மாதமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை வெளியே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தனியாக நிற்கப் போகிறோம் என்று முடிவானதும் பயம் போய்விட்டது. அந்த நிம்மதியைத்தான் நீ படித்தாய். சரியாகத்தான் படித்தாய். அர்த்தம்தான் தலைகீழ்.

கூட்டக் குறிப்பில் பெயரோடு அச்சாகிற என் பத்தியில் எழுதியிருப்பது இதுதான். கடன் சுலபமாகக் கிடைப்பதால் வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏறியதைக் காட்டி இன்னும் பெரிய கடன் கொடுக்கிறார்கள். அதனால் விலை இன்னும் ஏறுகிறது. இதை நாம் உண்டாக்கவில்லை என்று கையைக் கழுவ முடியாது, வட்டி நம் கையில் இருக்கிறது. சரிந்த பிறகு தூக்கி நிறுத்தலாம் என்கிறார்கள். விலையைத் தூக்கி நிறுத்தலாம். உச்சத்தில் கடைசியாக வந்து வாங்கியவரை நிறுத்த முடியாது.

கடைசியாக வந்தவர் என்று எழுதும்போது எனக்கு உன் முகம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அந்த வீட்டை விட்டுவிட முடியுமா? முன்பணம் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

கடையில் ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க என் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து உரக்க வாசித்தார். ஆறு பேர் சும்மா இருக்க ஒருத்தி மட்டும் வட்டியை ஏற்றச் சொல்லியிருக்கிறாள் என்று வாசித்துவிட்டு, "யாருங்க இந்த அம்மா, நம்ம வயித்துல அடிக்கப் பாக்குது?" என்றார். நான் அவர் காதில் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தேன். என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் மேஜையில் இருக்கிற ஏழு பேருக்கும் வீடு இருக்கிறது. நீ இருப்பது வங்கி கொடுத்த வீடு. இத்தனை வருடம் விலை ஏறினபோது யாருக்கும் வலிக்கவில்லை. வாடகைக்கு இருந்தவன் கடைசியில் கடனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால்தான் அது வீக்கமாக உன் கண்ணுக்குத் தெரிகிறதா? பணம் தருகிறேன் என்கிறாய். உன் பணம் எனக்கு வேண்டாம். அன்றைக்கு ஃபோனை எடுத்திருந்தால், பேசாமல் மூச்சு விட்டிருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும்.

பத்திரம் முடிந்துவிட்டது. இனிமேல் விட முடியாது.

*

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. எனக்குத் தண்ணீர் தெளித்துவிட்டாயா?

இந்த மாதமும் ஆறுக்கு ஒன்றுதான். போன தடவை எனக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள், இந்தத் தடவை அதுவும் இல்லை. இவள் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். கேன்டீனில் என் தட்டோடு போய் உட்கார்ந்தால் பேச்சு வானிலைக்கு மாறுகிறது. உள்ளே பேச ஆள் இல்லை, வெளியே பேச அனுமதி இல்லை. இருந்த ஒருவன் நீயும் பேசமாட்டேன் என்கிறாய்.

சொன்னால் சிரிப்பாய். நேற்று ராங் நம்பர் ஒன்று வந்தது. ஏதோ ஒரு அம்மா, தைக்கக் கொடுத்த துணி ஆயிற்றா என்று கேட்டாள். இது தையல் கடை இல்லை என்று உடனே சொல்லாமல், என்ன துணி, எப்போது கொடுத்தீர்கள் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டேன். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது.

பாப்பாவின் பரீட்சை முடிவு வந்ததா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

செப்டம்பர் 22

அக்கா,

பாப்பா பாஸ். நல்ல மார்க். எழுதாமல் இருந்ததற்கு அவளும் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

கீழ் மாடியில் எங்கள் வீட்டைப் போலவே இருக்கிற வீடு போன மாதம் விற்றது. நான் கொடுத்ததைவிடக் குறைவு. முதலில் ஏதோ அவசர விற்பனை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இன்னொன்று, அதற்கும் குறைவாக. விளக்கு எரியாத ஜன்னல்கள் இவ்வளவா என்று இப்போதுதான் கண்ணில் படுகிறது. அதெல்லாம் யாரோ வாங்கிப் பூட்டிவைத்திருக்கிற வீடுகள். ஃபோன் செய்தால் எடுக்காத புரோக்கர் இப்போது அவராகவே கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். கடையிலும் கூட்டம் இல்லை. பழைய ஃபிரேமையே துடைத்துக் கொடுங்கள், அடுத்த வருடம் மாற்றிக்கொள்கிறேன் என்கிறார்கள். முதலாளி மூன்று பேரை நிறுத்திவிட்டார். எனக்கு வேலை இருக்கிறது, சம்பளத்தைக் குறைத்துவிட்டார்.

பத்திரிகையில் உன் பேரைப் போட்டு அன்றைக்கே சொன்னவர் என்று எழுதுகிறார்கள். மற்றவர்களும் உன் பக்கம் சாய்கிறார்களாம். அடுத்த கூட்டத்தில் வட்டி ஏறுமாம். நீ ஜெயித்துவிட்டாய்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரியும். தவணை இன்னும் கொஞ்சம் ஏறினாலும் என்னால் கட்ட முடியாது. இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். ராத்திரி உன் அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே ஒரு சாமானும் இல்லாததால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது.

தம்பி

*

அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே தலைவரிடம் போனேன். என் தம்பி உச்ச விலையில் வீடு வாங்கியிருக்கிறான், கடனில் இருக்கிறான், நான் இந்த வாக்கெடுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். கணவன், மனைவி, பிள்ளைகள் இவர்களின் சொத்தைத்தான் சொல்ல வேண்டும். "தம்பியெல்லாம் கணக்கில வராது மேடம்" என்று மூடி வைத்தார். இருந்தாலும் குறிப்பில் இருக்கட்டும் என்று கூட்டத்தின் ஆரம்பத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆக அறைக்கே தெரியும்.

யார் எப்போது பேசுவது என்று சீட்டுப் போட்டு எடுப்போம். அன்றைக்கு எனக்குக் கடைசிச் சீட்டு. எங்களில் ஒருவர் பேராசிரியர். ஏப்ரலில் என்னை வலுவாக எதிர்த்தவர். அவர் முதலில் எழுந்து என்னுடைய பழைய பத்தியையே வாசித்தார். இவர் சொன்னது சரி, நாம் கேட்கவில்லை, இப்போதாவது உயர்த்துவோம் என்றார். இன்னும் இரண்டு பேர் அவரோடு சேர்ந்தார்கள். தலைவரும் மற்ற இருவரும் வேண்டாம் என்றார்கள். மூன்றுக்கு மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். விலை ஏறிக்கொண்டிருந்தபோது வட்டியை உயர்த்தியிருந்தால் கடைசியில் வந்தவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். அது தடுப்பு. இப்போது விலை தானாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது, கடன் கேட்டு வருவோரும் குறைந்துவிட்டார்கள். இப்போது உயர்த்தினால் யாரையும் தடுக்காது, ஏற்கெனவே விழுந்தவர்களை மிதிக்கும். வீட்டு விலையைக் கவனி என்றால் ஏறும்போது மட்டும் கவனி என்று அர்த்தம் இல்லை. என் வாதம் மாறவில்லை. காலம் மாறியிருக்கிறது. அதைத்தான் அங்கேயும் சொன்னேன்.

பேராசிரியர் என் பத்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு காபி எடுக்கிற இடத்தில், "தம்பி வீட்டுக்கு எப்ப குடிபோறீங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, பரவாயில்லை, மனிதர்தானே என்கிற சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னை நம்பு. நீ வாடகை வீட்டில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். என்னைப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அக்கா

*

அக்டோபர் 16

என் அன்பு அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பேப்பரைப் பார்த்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் அழுதேன். ரத்தம் ரத்தம்தான். நீ வெளியில் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குத் தெரியும் நீ யாருக்காகச் செய்தாய் என்று. ஏப்ரலில் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. உன்னைப் போல ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்?

உன் அறைக்கு ஒரு கட்டில் சொல்லியிருக்கிறேன். பழையதுதான், நல்ல மரம்.

உன் தம்பி

*

நவம்பர் 2

தம்பி,

பேராசிரியர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். வங்கி வாசலில் பாதுகாவலர்கூட ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்றுகிறது, அதையும் பொறுத்துக்கொள்கிறேன். உன் நன்றியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நம்பு என்று கேட்டேன். அதற்குப் பதிலாக நன்றி அனுப்பியிருக்கிறாய்.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. கடைசிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது நான் யோசித்தது கடனாளிகள் எல்லோரையுமா, ஒருவனை மட்டுமா? சாமான் இல்லாத அறையில் நீ உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்த பிறகு காரணங்களைத் தேடினேனா, காரணங்கள் முன்னாலேயே இருந்தனவா? காரணங்களை எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. தனக்கு வேண்டியதைச் செய்கிற எல்லோருக்கும் காரணங்கள் சரியாகத்தான் இருக்கும்.

முப்பது வருடமாக என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நான் சொல்வது தப்பாக இருக்கலாம், ஆனால் எனக்கு அது சரி என்று பட்டதால் சொல்கிறேன் என்கிற தைரியம். தனியாக இருப்பதற்கு அது போதுமாக இருந்தது. இப்போது அது இல்லை, வெறும் தனிமைதான் இருக்கிறது. ராஜினாமா எழுதிப் பார்த்தேன். கொடுத்தால் எல்லோரும் நினைப்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த அறை நன்றிக்காகத்தான் என்றால் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அக்கா

*

டிசம்பர் 1

அக்கா,

கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டையும் விற்றுவிட்டேன்.

உன் கடிதத்தைப் பாப்பாதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்து, "அத்தை உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. நம்புன்னாங்க. அதைக்கூட நீங்க செய்யலை" என்றாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. உன் குணம் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். வந்த பணம் கடனை அடைக்கச் சரியாகப் போய்விட்டது. நான் கையிலிருந்து போட்டது போயே போயிற்று. அழவில்லை, நம்பு. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் உன் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உனக்காக விற்றேன் என்று நினைத்துத் தலைக்கனம் பிடித்து அலையாதே. சம்பளம் குறைந்தது, விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் காத்திருந்தால் கடனுக்கே கட்டாது. இதெல்லாம் உண்மையான காரணங்கள். இனிமேல் நீ எப்படிக் கை தூக்கினாலும் எவனும் தம்பி வீட்டைப் பற்றிக் கேட்க முடியாது என்பதும் ஒரு காரணம். எது பெரியது என்று என்னிடம் கேட்காதே. உன்னைப் போல எனக்கும் குழப்பம்தான்.

கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டோம். ஒரு ஹால், ஒரு சின்ன அறை. பாப்பா புத்தகத்தை எல்லாம் ஜன்னல் மேல் அடுக்கியிருக்கிறாள். உனக்கென்று தனி அறை இங்கே கிடையாது. ஆனால் நீ வந்தால் அறையை உனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொள்வதாகச் சொல்கிறாள்.

அக்கா, அன்றைக்கு நான் உன்னை நம்பியிருக்க வேண்டும்.

தம்பி

*

டிசம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டம் முடிந்தது. ஆரம்பத்திலேயே நானே சொன்னேன், என் தம்பிக்கு இப்போது வீடு இல்லை என்று. தலைவர் எழுதிக்கொண்டார். பேராசிரியர் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவையும் மூன்று பேர் உயர்த்தச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கண்ணை மூடி உன்னை நினைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் நினைத்தேன். ஏறினாலும் இறங்கினாலும் உனக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பயமோ ஆசையோ எதுவும் வரவில்லை. அப்புறம் கணக்குகளைப் பார்த்தேன். அக்டோபரில் பார்த்த அதே கணக்குகள், இன்னும் கொஞ்சம் மோசமாக. வேண்டாம் என்றேன். நாலுக்கு மூன்று. வட்டி ஏறவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் உறைத்தது. அக்டோபரில் நான் உனக்காகக் கை தூக்கவில்லை. அது எனக்கே இன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ள உன் வீடு போக வேண்டியிருந்தது. தவணை அப்படியேதான் இருக்கிறது, நீ இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கலாம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியாமல், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட வந்தவர்கள் குட் நைட் சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பாப்பாவை இடம் மாற்றாதே. ஹாலில் நான் படுத்துக்கொள்கிறேன்.

அக்கா